கிளை பிரிந்த பிறகு எது முந்தும்?

ஒரு நிகழ்வு வந்து சேர்கிறது. அதை வைத்து இரண்டு வேலைகள் நடக்க வேண்டும். ஒன்று, கணக்கைத் திருத்துவது. மற்றது, திருத்திய கணக்கை உரியவருக்குச் சொல்வது. இரண்டையும் இரண்டு கிளைகளாக எழுதிவிடுகிறோம். இதில் எது முதலில் ஓடும்? நிகழ்வுகள் வர வர அவற்றைக் கையாளும் நிரல்களை எழுத உதவும் காஃப்கா ஸ்ட்ரீம்ஸ் என்ற மென்பொருள் நூலகத்தில் எழுதப்பட்ட அமைப்புகள் சிலவற்றைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். எழுதியவரிடம் இதைக் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கிற பதில், "இதுவரைக்கும் சரியாத்தான் ஓடுது" என்பதுதான். அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. ஏன் போதவில்லை என்பதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

நான் இருப்பது மட்டக்களப்பு, கல்லடியில். வீட்டிலிருந்தே வேலை. அக்கரைப்பற்றுப் பக்கத்து அரிசி மில் ஒன்றின் நெல் கொள்வனவு மென்பொருளைப் பராமரிக்கிற பொறுப்பு என்னிடம் வந்தது. முதலில் வேறொருவர் எழுதியது. நன்றாகவே எழுதியிருந்தார். பெரும்போக அறுவடை மாசி, பங்குனியில் சூடுபிடிக்கும்போது தம்பிலுவில், பனங்காடு, இறக்காமம் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் லொறியும் உழவு மெஷின் பெட்டியும் வரிசையில் நிற்கும். நெல்லை நிறுத்து, ஈரம் பார்த்து, விலை போட்டு, விதைப்புக் காலத்தில் உரத்துக்கும் எண்ணெய்க்கும் கொடுத்த முற்பணத்தைக் கழித்து, மிச்சம் எவ்வளவு என்று விவசாயிக்கு ஒரு மெசேஜ் போகும். எல்லாம் சில விநாடிகளில்.

அந்த மெசேஜில்தான் சிக்கல். ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒருவர் 1,240 கிலோ நெல் கொடுக்கிறார். கிலோ 120 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பெறுமதி 1,48,800 ரூபாய். முற்பணம் 84,500 ரூபாய். அவருக்கு வரவேண்டியது 64,300 ரூபாய். ஆனால் போனில் வந்த மெசேஜ் இப்படி இருக்கிறது: "1,240 கிலோ பெறப்பட்டது. உங்கள் கடன் மீதி ரூ. 84,500." கணக்குப் புத்தகத்தில் எல்லாம் சரி. கொடுக்கிற காசும் சரி. மெசேஜ் மட்டும் நெல் வருவதற்கு முந்திய நிலையைச் சொல்கிறது. எல்லாருக்கும் இப்படி வருவதில்லை, எப்போதாவது ஒன்றுதான். நெருக்கடியான நாட்களில் கொஞ்சம் கூடுதலாக.

தம்பிலுவில்லிலிருந்து வந்த ஒரு பெரியவர் கவுண்டரில் போனை நீட்டிக் கேட்டதை நானே நின்று பார்த்தேன். "தம்பி, நெல்லும் குடுத்தாச்சு, கடனும் அப்படியே கிடக்கா?" கணக்குப் பார்க்கிற காக்கா (எங்கள் பக்கத்து முஸ்லிம் வழக்கில் அண்ணன்) அவரை உட்காரவைத்து, நிறுவைத் துண்டுச்சீட்டை எடுத்துக் காட்டி, ஒவ்வொரு வரியாக விளக்கிக்கொண்டிருந்தார். அவர் போன பிறகு என்னிடம் சொன்னார்: "ஒரு மெசேஜ் பிழைச்சா நாங்க குடுக்கிற துண்டையும் நம்ப மாட்டாங்க தம்பி." உண்மைதான். நாலு மாதம் வெயிலிலும் சேற்றிலும் நின்று விளைவித்த ஆளுக்கு மீதித் தொகையைத் தப்பாகச் சொல்வதை "சின்ன பக்" என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

சரி, உள்ளே என்ன நடந்தது?

காஃப்கா நிகழ்வுகளைப் பதிவுகளாக, டொபிக் என்ற பெயரிட்ட தொகுப்புகளில் சேமிக்கிறது; ஒவ்வொரு டொபிக்கும் பார்ட்டிஷன் என்ற பகுதிகளாகப் பிரிந்திருக்கும். அதில் வரிசை உறுதி என்பது ஒரு பார்ட்டிஷனுக்குள் மட்டும்தான். ஒரே டொபிக்கில் இரண்டு பார்ட்டிஷன்கள் இருந்தால் ஒன்றுக்கும் மற்றதற்கும் இடையே எந்த வாக்குறுதியும் கிடையாது. ஒரே கீ (பதிவின் அடையாளக் குறி) கொண்ட பதிவுகள் ஒரே பார்ட்டிஷனுக்குப் போகும் என்பதால், "இந்த விவசாயியின் நிகழ்வுகள் வரிசை மாறக் கூடாது" என்றால் விவசாயியின் கணக்கு எண்ணைக் கீயாக வைக்க வேண்டும். இது பலருக்கும் தெரிந்த பாடம். லிங்க்ட்இன்னில் பிறந்து 2011இல் திறந்த மூலமாக வெளிவந்த நாள் முதல் காஃப்கா இப்படித்தான்.

அதற்கு மேலே 2016இல் வந்த காஃப்கா ஸ்ட்ரீம்ஸ் இன்னொரு பழக்கத்தைச் சேர்த்தது. ஒரு பதிவை எடுத்தால் அதைக் கடைசி முனைவரை கொண்டுபோய் முடித்த பிறகுதான் அடுத்த பதிவைத் தொடும். நடுவில் கிளை இருந்தால் முதல் கிளையில் இறங்கி அடிவரை போய், திரும்பி வந்து, இரண்டாவது கிளையில் இறங்கும். ஆழம் முதலில், அகலம் பிறகு. கிளைகளுக்குள் எது முதலாவது? நிரலில் எது முதலில் எழுதப்பட்டதோ அது. ஒவ்வொரு முனையும் (வேலையின் ஒரு படி) தனக்கு அடுத்து வரும் பிள்ளை முனைகளை ஒரு பட்டியலில் வைத்திருக்கிறது. சேர்த்த ஒழுங்கிலேயே அவற்றை ஒவ்வொன்றாக அழைக்கிறது.

இங்கே இரண்டு வகைக் கிளைகளைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. 2.8 பதிப்பில் வந்த 'ஸ்ப்ளிட்' ஒரு பதிவை ஒரே ஒரு கிளைக்குத்தான் அனுப்பும்; நிபந்தனைகளை மேலிருந்து கீழாகப் பார்த்து, முதலில் பொருந்துகிறதற்குக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். அதில் இந்தப் பிரச்சினை எழாது, ஒரு பதிவு ஒரு பாதையில் மட்டுமே போகிறது. ஒரே ஸ்ட்ரீமை (பதிவுகளின் ஓட்டத்தை) எடுத்து ஓரிடத்தில் கூட்டல் கணக்குக்கும் இன்னோரிடத்தில் மெசேஜுக்கும் பயன்படுத்தினால், அங்கே ஒவ்வொரு பதிவும் இரண்டு பக்கமும் போகும். நம்முடைய தலைவலி இந்த இரண்டாவது வகை.

மில்லின் மென்பொருளில் கணக்குக் கிளை மேலேயும் மெசேஜ் கிளை கீழேயும்தான் எழுதப்பட்டிருந்தன. அப்படியானால் கணக்கு எப்போதும் முந்தியிருக்க வேண்டுமே?

இந்த இடத்தில் டோபாலஜியின், அதாவது முனைகளும் கிளைகளும் சேர்ந்த வேலை வரைபடத்தின், விவரிப்பை அச்சிட்டுப் பார்ப்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. காஃப்கா ஸ்ட்ரீம்ஸ் நீங்கள் எழுதிய வரிகளிலிருந்து உண்மையில் என்ன கட்டியிருக்கிறது என்பதை அது அம்புக்குறிகளோடு எழுத்தில் காட்டும். அதைப் படித்தபோது கதை வேறாக இருந்தது. தராசிலிருந்து வரும் நிறுவை நிகழ்வுகளின் கீ, தராசின் எண். கணக்குக்கு வேண்டிய கீ, விவசாயியின் கணக்கு எண். ஆகவே கீயை மாற்ற வேண்டும். கீயை மாற்றிய ஸ்ட்ரீமில் கூட்டல் கணக்கோ இணைப்போ செய்தால், பதிவுகளைச் சரியான பார்ட்டிஷனுக்கு அனுப்ப காஃப்கா ஸ்ட்ரீம்ஸ் நமக்குச் சொல்லாமலே நடுவில் ஓர் உள் டொபிக்கை உருவாக்கி, எல்லாவற்றையும் அதில் எழுதி, மறுபடி வாசிக்கும். அந்த டொபிக்கோடு ஒரு துணை டோபாலஜி (வரைபடத்தில் தனியே ஓடும் ஒரு பகுதி) முடிந்து அடுத்தது தொடங்குகிறது. ஆழம் முதலில் என்ற பழக்கம் ஒரு துணை டோபாலஜிக்குள் மட்டுமே செல்லும்.

இங்கே கணக்குக் கிளைக்கு ஓர் உள் டொபிக், மெசேஜ் கிளைக்கு இன்னோர் உள் டொபிக். ஒரே நிறுவை இரண்டு பிரதிகளாக, இரண்டு டொபிக்குகள் வழியே போகிறது. மறுபுறத்தில் ஒரே டாஸ்க் (ஒரு பார்ட்டிஷனுக்கான வேலையைச் செய்யும் அலகு) இரண்டையும் வாசிக்கிறது. கணக்குப் பிரதி வந்தால் மீதித் தொகையைத் திருத்தும். மெசேஜ் பிரதி வந்தால் மீதித் தொகையைப் பார்த்து மெசேஜ் எழுதும். எதை முதலில் எடுப்பது என்று அந்த டாஸ்க் எப்படி முடிவு செய்கிறது? கையில் இருக்கிறவற்றில் நேரமுத்திரை (பதிவில் குறித்த நேரம்) குறைந்ததை எடுக்கும். ஆனால் இரண்டும் ஒரே நிறுவையின் பிரதிகள், இரண்டின் நேரமுத்திரையும் ஒன்றே. ஆகவே சமன். அன்றைக்கு எது முந்துகிறதோ அது. ஒரு பிரதி இன்னும் கைக்கு வந்து சேராவிட்டால் கேட்கவே வேண்டாம், வந்தது போய்விடும்.

ஒரு பிரதி இன்னும் வந்து சேராத இந்த நிலைக்கென்று ஒரு செட்டிங் உண்டு: 'மேக்ஸ் டாஸ்க் ஐடில்'. உள்ளீடுகளில் ஒன்று வெறுமையாக இருந்தால் எவ்வளவு நேரம் பொறுத்திருக்கலாம் என்று அதில் சொல்லலாம். 3.0 பதிப்பில் அதன் பொருளைச் சீர்படுத்தினார்கள். இயல்பு மதிப்பான பூச்சியம் இருந்தால், சேவையகத்தில் ஏற்கனவே இருப்பதாகத் தெரிந்த தரவு கைக்கு வரும்வரை காத்திருக்கும். இன்னும் எழுதப்படாத தரவுக்காகக் காத்திருக்காது. அதை உயர்த்தலாம் என்று ஒரு யோசனை வந்தது. நான் சம்மதிக்கவில்லை. எவ்வளவு பொறுத்தாலும் நேரமுத்திரை சமனாக இருக்கிறபோது யார் முன் என்பதை அது சொல்லித் தராது. விவசாயிக்கு மெசேஜ் தாமதமாகும், அவ்வளவுதான்.

முதல் திருத்தம் எளிது. கீயை ஒரே தடவை மாற்றி, மறுபங்கீட்டையும் (புதிய கீயின்படி பதிவுகளைப் பார்ட்டிஷன்களுக்கு அனுப்புவதை) நாமே வெளிப்படையாக ஒரு தடவை செய்து, அதற்குப் பிறகு கிளை பிரிப்பது. 2.6 முதல் அதற்கென்று தனிச் செயல்பாடே இருக்கிறது. இப்போது நிறுவைக்கு ஒரே பிரதி, ஒரே டொபிக், ஒரே துணை டோபாலஜி. ஆழம் முதலில் என்ற பழக்கம் திரும்பி வந்துவிடும். கணக்குக் கிளை மேலே எழுதப்பட்டிருப்பதால் அது முந்தும். மெசேஜ் சரியாகும்.

பலர் இங்கே நிறுத்திவிடுவார்கள். என் கருத்தில் இங்கே நிறுத்துவது ஆபத்து. ஒரு வருடம் கழித்து வேறொருவர் கோப்பைத் திறந்து, படிக்க வசதியாக இருக்கட்டுமென்று மெசேஜ் வரிகளை மேலே நகர்த்தினால் எந்தச் சோதனையும் கத்தாமல் போகலாம். டோபாலஜி சீராக்கல் என்ற, காஃப்கா ஸ்ட்ரீம்ஸே வரைபடத்தைத் திருத்தியமைக்கும் வசதியை இயக்கினால் அதன் வடிவமே மாறலாம். வரிகளின் மேல் கீழில் ஒளிந்திருக்கிற ஒழுங்கு, படிக்கிறவர் கண்ணுக்கு ஒழுங்காகத் தெரியாது.

எங்கள் பக்கத்து வயல்களில் நீர் பாய்வதைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். கல்லோயாத் திட்டத்துப் பெரிய வாய்க்காலில் இருந்து இரண்டு கிளை வாய்க்கால்கள் பிரிந்தால் இரண்டு வயலும் தனித்தனியே நீர் எடுக்கும். ஒன்றுக்கு ஒன்று கடன்படவில்லை. ஆனால் மேல் வயல் நிரம்பி, வரம்பில் வெட்டிய வக்கடை வழியாகக் கீழ் வயலுக்கு நீர் இறங்குகிற ஏற்பாடும் உண்டு. அங்கே மேல் வயல் நிறையாமல் கீழ் வயலுக்கு நீர் இல்லை. இரண்டாவது ஏற்பாட்டை வைத்துக்கொண்டு அதைக் கிளை வாய்க்கால் என்று வரைபடத்தில் போட்டால் நீர்ப் பங்கீட்டைப் பார்க்கிற வட்டவிதானையே குழம்பிப்போவார்.

மெசேஜ் வேலைக்குத் திருத்திய மீதி வேண்டும். அப்படியானால் அது கணக்கின் பக்கத்தில் ஓடும் கிளை ஆகாது, கணக்கிலிருந்து பிறக்கும் அடுத்த கட்டம். அதை அப்படியே எழுதினேன். விவசாயியின் கீயில் வரும் நிறுவையை ஒரே ஒரு ப்ராசஸர் (நாமே எழுதும் முனை) எடுக்கிறது. ஸ்டேட் ஸ்டோரில் (நிரல் தன் நிலையைச் சேமித்துவைக்கும் இடம்) பழைய மீதியை வாசிக்கிறது, நெல்லின் பெறுமதியைச் சேர்க்கிறது, புதிய மீதியை எழுதுகிறது. பிறகு நிறுவை விவரத்தையும் புதிய மீதியையும் ஒன்றாகக் கட்டி அடுத்த முனைக்கு அனுப்புகிறது. மெசேஜ் முனைக்கு ஸ்டோரே தெரியாது. கையில் வந்த தொகையை வாசகமாக்குவது மட்டுமே அதன் வேலை. இனி வரிகளை எப்படி நகர்த்தினாலும் மெசேஜ் முந்த முடியாது, முந்துவதற்கு அதனிடம் எதுவும் இல்லை. 3.3 முதல் ப்ராசஸரின் வெளியீட்டை மறுபடி ஒரு ஸ்ட்ரீமாகவே தொடர முடிவதால், மற்ற எல்லாவற்றையும் வழக்கமான நடையிலேயே வைத்துக்கொள்ள முடிந்தது.

"மீதிகளைக் கூட்டிவைக்கும் அட்டவணையையே ஸ்ட்ரீமாக மாற்றி அதிலிருந்து மெசேஜ் அனுப்பலாமே?" என்று கேட்கலாம். அதிலும் ஒழுங்கு சரியாகவே இருக்கும். ஆனால் அந்த அட்டவணைக்கு முன்னால் ஒரு நினைவகக் கிடங்கு (கேஷ்) இருக்கிறது. இயல்பு நிலையில் அது மாற்றங்களைச் சேர்த்துவைத்து, கமிட் ஆகும்போது (இதுவரை முடித்ததை உறுதிசெய்து பதியும்போது) அல்லது இடம் நிரம்பும்போது மட்டுமே கீழே விடும். கமிட் இடைவெளி, 'சரியாக ஒருமுறை' (ஒரு பதிவின் விளைவு விடுபடாது, இரட்டிக்காது) என்ற உறுதியை இயக்காவிட்டால், 30 விநாடி. அதற்குள் ஒருவரின் இரண்டு பெட்டி நெல் அடுத்தடுத்து நிறுக்கப்பட்டால் கீழே வருவது கடைசி மீதி மட்டுமே. முதல் பெட்டிக்கு மெசேஜே போகாது. கிடங்கை அணைத்துவிடலாம், உண்மை. ஆனால் அட்டவணையில் தொகை மட்டும்தான் இருக்கும், எந்த நிறுவையால் அது மாறியது என்ற விவரம் இருக்காது. விவசாயிக்கு இரண்டும் வேண்டும்.

ஒரு முனையிலிருந்து பல பிள்ளைகள் பிரிந்தே ஆகவேண்டிய இடங்களும் வரும். அங்கே ஒழுங்கு முக்கியமென்றால், பிள்ளை முனைகளுக்குப் பெயர் வைத்து, 'ஃபார்வர்ட்' அழைப்பில் பெயர் சொல்லி ஒவ்வொன்றாக அனுப்பலாம். முதலில் இன்னாருக்கு, அப்புறம் இன்னாருக்கு என்று நிரலே சொல்லும். படிக்கிறவர் ஊகிக்க வேண்டியதில்லை.

எல்லாவற்றுக்கும் ஒழுங்கு தேடுவதும் வீண் வேலை. மில்லுக்கு ஒரு நாளில் மொத்தம் எவ்வளவு நெல் வந்தது என்று கூட்டுகிற கிளையை நான் தொடவே இல்லை. கூட்டலுக்கு எது முன் எது பின் என்ற கவலை கிடையாது. நிறுவை முந்தினாலும் முற்பணம் முந்தினாலும் கடைசி மீதி ஒன்றேதான். ஆனால் விலை அப்படியல்ல. பத்து மணிக்கு விலை மாறினால், ஒன்பதரைக்கு நிறுத்தவருக்குப் பழைய விலைதான் நியாயம், அவருடைய நிகழ்வு பதினொரு மணிக்கு வந்து சேர்ந்தாலும். 3.5இல் வந்த பதிப்பு வைத்த ஸ்டோர்கள் பழைய நேரத்து மதிப்பைத் தேடித் தரும். நான் அதைவிட எளிய வழியை எடுத்தேன்: நிறுக்கிற நேரத்து விலையைத் தராசுப் பக்கத்திலேயே நிகழ்வுக்குள் எழுதிவிடுவது. பிறகு விலை எப்போது மாறினாலும் அந்த நிறுவைக்கு அதனால் ஒன்றும் ஆகாது.

பல கணினிகள் சேர்ந்து ஓடும் விநியோக அமைப்புகளில் 'முன்' 'பின்' என்பதற்குச் சுவர்க் கடிகாரத்தைவிட நம்பகமான பொருள் எது என்று கணினி அறிஞர் லெஸ்லி லாம்போர்ட் 1978இல் எழுதியதை இப்போதும் நான் எடுத்துப் படிப்பதுண்டு. ஒன்று மற்றதற்குக் காரணமாக இருக்க முடிந்தால்தான் அவற்றுக்கிடையே வரிசை உண்டு. காரணத் தொடர்பு இல்லாத இரண்டு நிகழ்வுகளுக்கு வரிசை சொல்ல வேண்டிய கட்டாயமே இல்லை. புதிய மீதி மெசேஜுக்குக் காரணம். மொத்த நெல்லின் கூட்டல் யாருக்கும் காரணமில்லை. கிளை பிரிக்கிறதா, தொடராக்குகிறதா என்பதை இந்தக் கேள்வியை வைத்தே முடிவு செய்கிறேன்.

சோதனை பற்றி ஒரு வார்த்தை. காஃப்கா ஸ்ட்ரீம்ஸோடு வரும் டோபாலஜி சோதனைக் கருவி அருமையானது, தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் அது ஒரு பதிவைக் கொடுத்தால் உள் டொபிக்குகளையும் தாண்டி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஓட்டி முடித்துவிடும். நிஜத்தில் இரண்டு பிரதிகள் இரண்டு வழியாகப் பிந்தியும் முந்தியும் வருவதை அது காட்டாது. பழைய நிரல் அந்தச் சோதனைகள் எல்லாவற்றிலும் தேறியிருந்தது. இப்போது டோபாலஜி விவரிப்பைக் கோப்பாகச் சேமித்து, ஒவ்வொரு மாற்றத்திலும் ஒப்பிட்டுப் பார்க்கிறோம். புதிதாக ஓர் உள் டொபிக் முளைத்தால் ஏன் என்று யாராவது பதில் சொல்லியாக வேண்டும். அதைத் தவிர, மெய்யான காஃப்கா சேவையகம் ஒன்றை எழுப்பி, அறுவடைக் கால நெரிசலைப் போல நிகழ்வுகளைக் கொட்டி, ஒவ்வொரு மெசேஜின் மீதியும் தன் நிறுவைக்குப் பிந்தியதா என்று சரிபார்க்கிற சோதனையும் ஓடுகிறது.

காஃப்காவுக்கு வெளியே போனால் இந்த உறுதிகள் எல்லாம் வாசலோடு நின்றுவிடும். மெசேஜ் அனுப்பும் சேவையை ப்ராசஸருக்குள்ளிருந்து நேரடியாக அழைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஒரு மெசேஜ் தோற்று மறுபடி முயல்வதற்குள் அதே ஆளுக்கு அடுத்தது போய்விடலாம். செயலி நடுவில் விழுந்து எழுந்தால் போனதே மறுபடி போகலாம். 2017இல் காஃப்கா கொண்டுவந்த 'சரியாக ஒருமுறை' என்ற உறுதி டொபிக்குகளுக்கும் ஸ்டோர்களுக்கும் மட்டுமே, விவசாயியின் போனுக்குப் பொருந்தாது. ஆகவே மெசேஜ்களை ஒரு வெளியீட்டு டொபிக்கில் விவசாயியின் கீயோடு எழுதுகிறோம். அதை வாசித்து அனுப்புகிற சிறு நிரல், ஓர் ஆளுக்குரிய முந்திய மெசேஜ் போனதென்று தெரிந்த பிறகே அடுத்ததை எடுக்கும். நிறுவை எண்ணை வைத்து, ஏற்கனவே போனதை மறுபடி அனுப்பாமல் தடுக்கும். அதே எண் மெசேஜிலும் துண்டிலும் அச்சாவதால், யாராவது போனை நீட்டினால் எந்த நிறுவையைப் பற்றிய பேச்சு என்று காக்கா உடனே கண்டுபிடித்துவிடுகிறார்.

இறக்காமத்துப் பக்கம் இன்னொரு தராசு வைக்கிற திட்டம் இருக்கிறது. அங்கே சிக்னல் குறைவு. நிறுவைகள் தராசிலேயே தேங்கி, மணிக்கணக்கில் தாமதித்து, கூட்டமாக வந்து சேரும். ஒரே விவசாயி காலையில் அங்கேயும் மத்தியானம் இங்கேயும் நெல் கொடுத்தால், பிந்தி நிறுத்தது முந்தி வரும். மீதித் தொகை கெட்டுப்போகாது, ஆனால் மெசேஜ்கள் அவருக்கு விளங்காத ஒழுங்கில் போகும். அதற்காக ஒவ்வொரு தராசும் தன் சொந்த வரிசை எண்ணையும் நிறுத்த நேரத்தையும் நிகழ்விலேயே பதிந்து அனுப்பும்படி மாற்றிக்கொண்டிருக்கிறேன். மெசேஜின் வாசகத்தையும் "இறக்காமம் தராசு, காலை 8.40 நிறுவை, இந்த நிறுவையையும் சேர்த்து இப்போதைய மீதி" என்று வருமாறு திருத்தி, தம்பிலுவில் பெரியவர் உட்பட நாலைந்து பேரிடம் வாசிக்கக் கொடுத்திருக்கிறோம்.